வண்டியில் ஒன்றும் இல்லை

எதைச் சொன்னாலும் "இருக்கும்ங்க சார்" என்பார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கேட்டதை உள்ளே இறக்கிப் பார்ப்பதுபோல ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் சொல்வார். மரியாதைக்காகச் சொல்கிறார் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை. அவர் உண்மையாகவே நம்பினார். எதிரில் நிற்பவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்ற இடத்திலிருந்துதான் அவருடைய யோசனையே தொடங்கும்.

கள்ளக்குறிச்சியில் என் வீட்டு மாடியில் சில வருஷம் குடியிருந்தார். கல்வராயன் மலை ஊர்களுக்குப் போய் டிவி டிஷ் மாட்டுவதும், படம் தெரியாவிட்டால் சரிசெய்வதும் அவர் தொழில். நான் அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி இறந்தபின் கீழ்வீட்டில் தனியாக இருந்தேன். மாடியில் அவர், அவர் மனைவி, அப்போதுதான் நடை பழகிக்கொண்டிருந்த ஒரு பெண் குழந்தை.

குடிவந்த புதிதில் என் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். அது கொஞ்சம் முன்னால் ஓடுவது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு நேரத்தோடு போவதற்காக நானே அப்படி வைத்து, ஓய்வு பெற்ற பிறகும் திருத்தாமல் விட்டது. அவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அதற்கேற்பத் திருப்பி வைத்துக்கொண்டார். கையில் செல்போன் இருந்தது. அதில் சரியான நேரம் இருந்தது. "சார் வூட்டுக் கடியாரம் தப்பா இருக்காது" என்று சொல்லிவிட்டார். அதன்பின் எல்லா இடத்துக்கும் சீக்கிரமே போய் நின்றுகொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை. அவர் சீக்கிரம் போவதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று இருந்துவிட்டேன்.

மலையில் ஓர் ஊரில் டிஷ் மாட்டிய மறுவாரம் அங்கிருந்த பெரியவர் ஒருவர், அந்தத் தட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதால்தான் மழை தள்ளிப்போகிறது, சாமை காய்கிறது என்று சொல்லியிருக்கிறார். இவர் போய்க் கழற்றிச் சுவரோரம் கவிழ்த்து வைத்துவிட்டு வந்துவிட்டார். என்னிடம் சொன்னபோது நான் சிரித்தேன்.

"பெஞ்சுதா?" என்று பிறகு ஒருநாள் கேட்டேன்.

"பெஞ்சுதுங்க சார். மறுபடியும் மாட்டிட்டேன்."

"அப்போ பெரியவர் சொன்னது சரிதானா?"

"இருக்கும்ங்க. அவங்க அங்கயே இருக்கறவங்க."

அவருடைய வண்டி பழையது. பட்டன் கிடையாது, உதைத்துத்தான் எடுக்க வேண்டும். பின் இருக்கையில் டிஷ்ஷைக் கட்டிக்கொண்டு அவர் போவதைத் தூரத்திலிருந்து பார்த்தால், கல்யாணச் சமையலுக்கு வாணலி கொண்டுபோகிற ஆள் போலிருக்கும். எங்கள் வீட்டில் வண்டி நிறுத்த வேறு இடம் இல்லை. மாடிக் குழாய் கொட்டுகிற மூலையில்தான் நிற்கும். ஓர் ஐப்பசி மழையில் பெட்ரோல் டேங்குக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. மெக்கானிக் டேங்கைக் கழற்றிக் கவிழ்த்துத் துடைத்துக் கொடுத்தார். மூடி வழியாகத்தான் இறங்கியிருக்கும் என்று அவர் சொன்னதாக இவர் வந்து சொன்னார்.

மறுநாள் அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது, மாடிப்படி ஆணியில் அவர் எப்போதும் மாட்டிவைக்கிற சாவியை எடுத்து நான் மூடியைத் திறந்து பார்த்தேன். சாவித் துவாரத்தை ஒட்டி, குண்டூசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. துருப்பிடித்து விழுந்த ஓட்டை என்று நினைத்தேன். மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டிக்கு வாங்கிய பசை கொஞ்சம் மீதி இருந்தது. இரண்டு உருண்டைகளைச் சேர்த்துப் பிசைந்தால் கல்லாக இறுகிவிடுகிற பசை. அதில் ஒரு துளி வைத்து அடைத்துத் தேய்த்துவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வாரக்கணக்கில் நன்றி சொல்லுவார், அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்றுதான் சொல்லவில்லை. பிறகு மறந்தே போனேன்.

அந்த ஓட்டை வண்டி மூச்சு விடுகிற வழி. எண்ணெய் டின்னில் ஒரே ஒரு துளை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் சரியாக விழாது. காற்று உள்ளே போக இன்னொரு துளை வேண்டும். இதைப் பாடமாக நடத்தியவன் நான். ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் டின்னைக் கவிழ்த்துக் காட்டியவன். அப்படிப்பட்டவன்தான் இதைச் செய்தேன்.

அதற்குப் பிறகு வண்டி சில நேரம் எடுக்கும், சில நேரம் எடுக்காது. காலையில் வெயில் ஏற ஏற டேங்க் சூடாகி, உள்ளே அழுத்தம் கூடி, பெட்ரோல் தானாக இறங்கும். சிக்கல் இல்லாமல் மலையேறிவிடுவார். சாயங்காலம் மேலே குளிர்ந்துவிடும். டேங்குக்குள் வெற்றிடமாகி பெட்ரோல் இறங்காது. இரண்டு முறை இருமிவிட்டு வண்டி நின்றுவிடும். அவர் வண்டியை ஆட்டிப் பார்ப்பார். உள்ளே சலசலவென்று கேட்கும். பெட்ரோல் இருக்கிறது என்று தெரிந்தபின் மூடியை ஏன் திறக்க வேண்டும்? உதைத்து உதைத்து ஓய்ந்து, வழியோர மதிலில் உட்கார்ந்துவிடுவார். வெகுநேரம் கழித்து எப்படியோ கொஞ்சம் காற்று புகுந்து, அதுவாக எடுத்துக்கொள்ளும். கீழே வந்து மெக்கானிக்கிடம் விட்டால் அவர் முதல் வேலையாக மூடியைத் திறந்து பார்ப்பார். அதன்பின் உதைத்தால் ஒரே உதையில் எடுக்கும்.

ஒருவர் பிளக் என்றார், மாற்றினார். ஒருவர் கார்ப்பரேட்டர் என்றார், கழுவினார். கச்சிராயபாளையத்தில் ஒருவர், நீ போடுகிற பெட்ரோலில் கலப்படம் ஜாஸ்தி என்றார். அதிலிருந்து சின்னசேலம் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். டீக்கடைக்காரர் திருஷ்டி என்றார், எலுமிச்சம்பழமும் மிளகாயும் முன்சக்கரத்துக்கு மேலே ஆடின. எல்லோரிடமும் "இருக்கும்ங்க" என்றார். யாரையும் குறை சொல்லவில்லை. வண்டியைக்கூட ஒரு வார்த்தை திட்டி நான் கேட்டதில்லை.

அவர் மனைவி சங்கராபுரத்துப் பெண். வாய் துடுக்கு, கை சுறுசுறுப்பு. அவர் தாமதமாக வருகிற நாளெல்லாம் மாடிப்படியிலேயே பேச்சு ஆரம்பித்துவிடும். எனக்குக் கீழே கேட்கும். ஆரம்பத்தில் அது விளையாட்டாகத்தான் இருந்தது. சாப்பிடக் கூப்பிட்டால், "வேணாம், அங்கயே குடுத்தாங்க" என்பார். மலையில் டிஷ் மாட்டப் போகிற வீட்டில் சாப்பிடாமல் விடமாட்டார்கள். பலாச்சுளை கொடுத்து அனுப்புவார்கள், தேன் கொடுத்து அனுப்புவார்கள். வாங்காமல் வர இவருக்குத் தெரியாது. மேலே பாதி இடத்தில் சிக்னல் கிடைக்காது. இவள் போன் போட்டால் அணைத்து வைத்திருப்பதாகவே வரும். ஒருநாள் மலையிலிருந்து ஒரு பெண் போன் செய்து, "அண்ணே, படம் கோடு கோடா வருது" என்றிருக்கிறாள். எடுத்தது இவள்.

"அண்ணேன்னு கூப்புட்டா ஆச்சா?" என்று அன்றைக்குக் குரல் மாறிக் கேட்டது. "போவும்போது நல்லா போவுற வண்டி, வரும்போது மட்டும் இன்னாத்துக்கு நிக்குது? எந்த வூட்டு வாசல்னு பாத்து நிக்குதா?"

அவர் பதில் எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இறங்கி வந்து, வண்டி முன்னால் குந்தி, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரத்தில் அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். முகம் வாடியிருந்தது. "சார், நீங்க படிச்சவரு. யாருக்கும் சாஞ்சி பேச மாட்டீங்க. நீங்களே ஒருவாட்டி ஓட்டிப் பாருங்க. வண்டியில கோளாறு இருந்தா இருக்குன்னு சொல்லுங்க, நான் வாய மூடிக்கினு இருந்துடுறேன். நீங்க சொல்றத நம்புறேன்" என்றாள்.

அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "பாருங்க சார்" என்று சாவியை நீட்டினார். அவர் முகத்தில் எனக்கு இன்றும் நினைவிருப்பது நிம்மதி. சார் பார்த்துச் சொல்லிவிடுவார் என்ற நிம்மதி.

நான் முதலில் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தேன். மூடினேன். உதைத்தேன், எடுத்தது. பஸ் ஸ்டாண்டு வரை போய், கச்சிராயபாளையம் சாலையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினேன். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி நிறுத்தி எடுத்தேன். குதிரைபோல ஓடியது. அவர் மெக்கானிக்குகளைப் பற்றிச் சொன்னதெல்லாம் அப்போது என் மனதில் வந்தது. ஆளுக்கொன்று சொன்னார்களே தவிர யாருமே நிச்சயமாக ஒரு கோளாறும் கண்டுபிடிக்கவில்லையே என்று தோன்றியது. உள்ளூர, ஆம்பிளைகள் சொல்லுகிற காரணந்தானே இது என்றும் தோன்றியது. அதை இங்கே மறைக்கக் கூடாது.

"வண்டியில ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். நான் பார்த்தவரை ஓடியது என்று சொல்லியிருக்கலாம். தீர்ப்புச் சொல்லுகிற குரலில் சொன்னேன்.

அவள் குழந்தையோடு மேலே போனாள். அவர் மட்டும் நின்றார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். தலையைச் சாய்த்து, வழக்கம்போல அந்த ஒரு கணம் நின்றார். "அப்போ நான்தான் சரியா உதைக்கலியோ, சார்?" என்று கேட்டார். கேலியே இல்லை. அதன்பிறகு சில நாள் காலையில் வண்டியைச் சும்மா உதைத்து உதைத்துப் பழகிக்கொண்டிருந்தார். காலை எந்த இடத்தில் வைக்க வேண்டும், எவ்வளவு வேகம் வேண்டும் என்று என்னிடமே கேட்டார். நானும் சொல்லிக்கொடுத்தேன்.

அடுத்த முறை அவர் தாமதமாக வந்த அன்று அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சங்கராபுரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவர் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார். ஒரு முறையாவது என் மேல் குறை சொல்லுவார் என்று நான் காத்திருந்தேன் என்றே நினைக்கிறேன். அவர் ரசம் வைத்தால் எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்.

மார்கழியில் வெள்ளிமலையில் என் பழைய மாணவன் ஒருவன் வீடு கட்டி முடித்துக் கூப்பிட்டிருந்தான். இவர் ஓட்ட, இவர் வண்டியிலேயே பின்னால் உட்கார்ந்து போனேன். சாப்பிட்டு, பேசிக்கொண்டிருந்துவிட்டுக் கிளம்பும்போது பொழுது இறங்கிவிட்டது, நல்ல குளிர். கொஞ்ச தூரம் வந்ததும் வண்டி இருமியது. நின்றது. அவர் இறங்கினார், உதைத்தார், வண்டியை ஆட்டிப் பார்த்தார், பிறகு மதில்மேல் உட்கார்ந்து எனக்கும் இடம்விட்டார். "இது இப்பிடித்தாங்க சார். கொஞ்ச நேரம் ஆவும்" என்றார். தன் பேச்சு உண்மை என்று இப்போதாவது தெரிந்ததா என்று கேட்கவில்லை. அந்த எண்ணமே அவருக்கு வந்ததாகத் தெரியவில்லை.

நான் போய் மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டது. விரலில் மூடியின் சொரசொரப்புத் தட்டியது. சாவித் துவாரத்தை ஒட்டி, நான் வைத்த பசை.

"உதைங்க" என்றேன். ஒரே உதையில் எடுத்தது.

"பாத்தீங்களா, நீங்க கைவெச்சதும் எடுத்துக்கிச்சு" என்று அவர் சிரித்தார்.

வழியெல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, இப்போது சொல்லிவிடலாம், அடுத்த வளைவில் சொல்லிவிடலாம் என்று வந்தேன். சொல்லவில்லை. மறுநாள் மத்தியானம் அவர் நடந்து கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது என் பழைய ஜியோமெட்ரி பெட்டியிலிருந்து காம்பஸ் முள்ளை எடுத்து அந்தப் பசையைக் குடைந்து எடுத்தேன். ஊதிப் பார்த்தேன், காற்று போயிற்று. சொல்லாமல் செய்த தவறைச் சொல்லாமலே திருத்திவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று எண்ணினேன். இனி வண்டி நிற்காது, அவர் நேரத்தோடு வருவார், அவள் திரும்பிவிடுவாள் என்பதுதான் என் எண்ணம்.

வண்டி அதன்பிறகு நிற்கவில்லை. அதுவே அவருக்கு எதிராகப் போயிற்று.

தை பிறந்து, சங்கராபுரத்தில் அவள் அண்ணன் வீட்டில் பேச உட்கார்ந்தோம். அவருக்குப் பெற்றோர் இல்லை. அவர் பக்கத்துப் பெரியவனாக நான் போயிருந்தேன். அவள் அண்ணன் முரடன் இல்லை. தங்கை வாழ வேண்டும் என்ற கவலையுள்ள மனிதன். வண்டி இப்போது நிற்பதில்லை என்று இவரே அவனிடம் சொல்லியிருந்தார். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மச்சான், எந்தங்கச்சி இருந்தவரைக்கும் நின்னுக்கினே இருந்த வண்டி, அவ இங்க வந்தப்புறம் எப்பிடி நிக்காம ஓடுது? நீங்களே சொல்லுங்க. இன்னா ரிப்பேர் பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்க" என்றார் இவர். அது உண்மை.

"அப்ப? பண்ண தப்ப ஒத்துக்கினீங்கன்னா வுட்டுடலாம். அவளும் அதான் சொல்றா. இல்ல இல்லன்னு நிக்கறதுதான் அவளுக்குப் பொறுக்கல."

அவள் கதவுக்குப் பக்கத்தில் குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். உதவி கேட்கத் திரும்பினார் என்று முதலில் நினைத்தேன். இல்லை, சரிபார்த்துக்கொள்ளத் திரும்பினார். "சார், வண்டியில ஒண்ணும் இல்லன்னு நீங்க அன்னிக்குச் சொன்னீங்கல்ல?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அங்கே, அந்தக் கூடத்தில், பசை வைத்தது நான் என்று ஒரு வரி சொன்னால் போதும். அவ்வளவு பேர் முன்னால் இந்த மனிதன் என்னை நம்பியே வீணாய்ப் போனான் என்று ஆகிவிடும். படித்தவன், சாயாதவன் என்று அவள் சொன்னதெல்லாம் போய்விடும். வாய் தானாக "ஆமா" என்றது.

அவர் தலையைச் சாய்த்தார். அந்த ஒரு கணம் அன்றைக்கு நீண்டது.

"அப்போ எம்மேலதாங்க தப்பு" என்றார்.

என்ன தப்பு என்று அவரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுது முடித்துவிட்டு, "இனிமே?" என்று மட்டும் கேட்டாள். இனிமேல் நேரத்துக்கு வந்துவிடுவேன் என்றார். அன்று சாயங்காலமே மூவரும் அந்த வண்டியில் என் வீட்டு மாடிக்குத் திரும்பினார்கள்.

அவர் சொன்னபடியே நேரத்துக்கு வந்தார். மாடியில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் பழையபடி வாய் துடுக்காகப் பேசினாள். ஆனால் அந்த ஒரு விஷயத்தைத் தொடவே மாட்டாள். அதைத் தொடாமல் பேச அவள் எவ்வளவு கவனமாக இருந்தாள் என்பது கீழே இருந்த எனக்கே தெரிந்தது. அந்தக் கவனத்தைத் தாங்க முடியாமல்தான் ஒருநாள் காலை, அவர் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது, போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பசை வைத்தது, வெள்ளிமலையில் தெரிந்தது, குடைந்து எடுத்தது, தெரிந்தே "ஆமா" என்றது.

எண்ணெய் டப்பாவைக் கீழே வைத்தார். மூடியைத் திறந்து அந்த ஓட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மூச்சு வுடற ஓட்டைங்களா இது?" என்றார். பிறகு, "மழைத் தண்ணி எறங்கக் கூடாதுன்னுதான சார் அடைச்சீங்க" என்றார். என் கண்ணைப் பார்க்காமல், எனக்காகவே ஒரு வழி தேடியதுபோல அதைச் சொன்னார்.

மேலே போய் அவளிடமே சொல்லிவிடுகிறேன் என்று நான் படியை நோக்கி நடந்தேன். எண்ணெய்க் கையோடு வந்து வழியில் நின்றார். அவர் என்னை மறுத்தது அந்த ஒரு தடவைதான்.

"வேணாங்க சார். அவ அங்க தனியா கெடந்து, அழுது, மனசைத் தேத்திக்கினு, இவன மன்னிச்சுட்டுப் போவோம்னு வந்துக்கிறா. அது லேசு இல்லீங்க. இப்ப போயி ஒண்ணுமே நடக்கலன்னு சொன்னா, அவ பட்டதெல்லாம் இன்னாத்துக்குன்னு ஆயிடும். சும்மா இருந்த ஆளை சந்தேகப்பட்டுட்டோமேன்னு காலத்துக்கும் குமைவா. நான் ஒருத்தன் சுமந்துக்கினு போறேன். எனக்கு ஒண்ணும் கம்மியாயிடல."

நான் படியிலிருந்து திரும்பினேன். அப்போது எனக்குள் வந்தது வெட்கம் என்று எழுதினால் நன்றாக இருக்கும். வந்தது ஆறுதல். சொல்ல வேண்டியதில்லை என்று ஆனதே என்ற ஆறுதல். எல்லோரையும் நம்பி நம்பி ஏமாறுகிற மனிதர் என்று அவரை அதுவரை நினைத்திருந்தேன். மற்றவர்களின் வார்த்தைக்கு இடம் கொடுத்துத் தன்னை ஒதுக்கிக்கொள்வது அவருக்குத் தெரிந்தே செய்கிற காரியமோ என்று அன்றைக்குத்தான் சந்தேகம் வந்தது. இன்று வரை அது தீரவில்லை.

பிறகு உளுந்தூர்பேட்டையில் சாலையோரம் ஒரு கடை பிடித்து, வீட்டையும் அங்கேயே மாற்றிக்கொண்டார்கள். சாமான்கள் ஏறிவிட்டன. அவர் வண்டியருகே குழந்தையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் மாடி வீட்டுச் சாவியைக் கொடுக்க வந்தாள். கொடுத்தவள் போகவில்லை. குனிந்து என் காலைத் தொட்டாள்.

"சார், உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு எங்க அண்ணன் வூட்டுல நீங்க அவருக்கு ஏத்தாப்பல பேசியிருந்தா, அவரு வாயத் தொறந்து ஒத்துக்கினே இருக்க மாட்டாரு. நானும் வந்திருக்க மாட்டேன். நீங்க உள்ளதச் சொன்னதாலதான் இந்தக் குடும்பம் நின்னுச்சு."

அவள் தலைக்குமேல் அவரைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் குறை ஏதும் இல்லை. சொல்லிவிடாதீர்கள் என்ற வேண்டுகோள் மட்டும் இருந்தது.

"நல்லா இரும்மா" என்றேன்.